கார்த்திகை முடிந்ததும்

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, ஒரு செல்போன் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்காக எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்தோம். கொல்லிமலையில் மழைக்குக் காத்திருப்பார்கள், மிளகு காய்வதற்குக் காத்திருப்பார்கள், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். விளையாட்டுக்குக் காத்திருந்த வீடு, அந்த மலையில் எங்கள் பகுதியான அரியூர் நாட்டில், எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

காத்திருந்தது நானும் என் சித்தப்பாவும். அப்பாவுக்கு அந்தப் போனுக்குள் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்; தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

சித்தப்பா அப்பாவைவிட ஏழு வயது இளையவர். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடியில் காய் பறிப்பது அவர் வேலை. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறவேண்டும். சுற்று வட்டாரத்தில் உயரமான மரம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், மாசி மாதத்தில், எங்கள் சொந்தக் காட்டு மரத்திலிருந்தே விழுந்தார். கீழே சாக்கை விரித்துக் கொத்துப் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இரண்டடி தள்ளி வந்து விழுந்தாராம்.

ஒரு பலகையில் படுக்கவைத்து, வேனில் ஏற்றிச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மலையிலிருந்து இறங்கும் சாலையில் எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒருபக்கம் சாய, சித்தப்பா கத்திக்கொண்டே போனார் என்று அப்பா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பாதி வழியில் தன் துண்டைச் சுருட்டி அவர் வாயில் கொடுத்தாராம். மூன்று மாதம் கழித்து உயிரோடு திரும்பி வந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அவருடையதாக இல்லை.

முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பாள். நேரமானதும் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். கடிகாரம் கிடையாது. எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிடும்.

போன் வந்தது அதற்கப்புறம். சிறுநீர்க் குழாய் வாங்கச் சேலத்துக்குப் போன அப்பா, பழைய போன் விற்கும் கடையில் ஒன்றை வாங்கிவந்து, "படுத்துக்கிட்டே பாட்டுக் கேளுடா" என்று தம்பியின் கையில் கொடுத்தார். அதில் பாட்டு இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ அழிக்க மறந்த விளையாட்டு ஒன்று இருந்தது. திறந்தால், இடுப்பில் வாளும் கிழிந்த அங்கியுமாக ஒருவன் ஒரு கல்பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். ராஜ்ஜியம் ஒன்று சூனியக்காரியின் கையில் சிக்கியிருக்கிறது. அவன் ஏழு கோட்டைகளைக் கடந்து போய் அதை மீட்க வேண்டும். வழியில் மூலிகை பறிக்கலாம், மருந்து காய்ச்சலாம், சத்திரத்தில் தூங்கலாம், பறக்கும் பாம்புகளோடு சண்டை போடலாம். அவனுக்கு யாரோ வைத்திருந்த பெயர் எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாததாக இருந்தது. நாங்கள் அவனை 'நம்மாளு' என்று கூப்பிட்டோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஏறிக்கொள்வேன். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நடப்பது அவர், சண்டை நான். அவர் நம்மாளை அவசரமில்லாமல் நடத்துவார். ஆற்றோரம் போனால் ஆற்றோரமே போவார். ஏணி இருக்கும் இடம் வந்தால் மட்டும் சுற்றுவழி தேடுவார்.

"ஏறுங்க சித்தப்பா, மேல பெட்டி இருக்குது" என்று நான் குதிப்பேன்.

"இருந்துட்டுப் போவுது கண்ணு. நாம ரோட்டு மேலயே போவலாம்."

எனக்கு எரிச்சலாக வரும். எத்தனை பெட்டிகளை இப்படி விட்டிருக்கிறோம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் குறைப்பட்டுக்கொள்வேன்.

எங்கள் வீட்டைச் சுற்றிச் சிக்னல் கிடைத்த ஒரே இடம் அந்த ஜன்னல்தான். அக்கம்பக்கத்தார் போன் பேச அதன் வெளிப்புறம் வந்து நிற்பார்கள். திருப்பூரில் இருக்கும் மகனிடம், துறையூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் என்று ஊர்ப் பேச்செல்லாம் சித்தப்பாவின் தலைமாட்டில்தான் நடக்கும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம், "பொய் சொல்றப்ப எல்லாருக்கும் கொரலு ஒரு சுத்து ஏறிப்போவுது கண்ணு. அவங்களுக்கே தெரியறதில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு மார்கழி மாதம், விளையாட்டைத் திறந்தபோது புதிய படம் ஒன்று வந்தது. பெரிய ஊர், கடைவீதி, நூற்றுக்கணக்கில் ஆட்கள். கீழே ஆங்கிலத்தில் நாலைந்து வரி. சித்தப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையோடு படித்துச் சொன்னேன்: இரண்டாம் பாகம் வரப்போகிறது, அது ஆன்லைனில் ஓடும். இதுவரை அந்த ராஜ்ஜியத்தில் எதிரே வந்தவர்கள் எல்லாம் பொம்மைகள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள். இனிமேல் எதிரே வரும் ஒவ்வொருவரும் எங்கேயோ ஒரு ஊரில் உட்கார்ந்து விளையாடுகிற மனிதர். நாலு பேர் சேர்ந்து பயணம் போகலாம்.

"நெசமான ஆளா?"

"ஆமாங் சித்தப்பா. நெசமான ஆளு."

"அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?"

"நம்மளத் தெரியாதுங்க. நம்மாளத் தெரியும்."

அவர் நம்மாளை இரண்டடி நடத்தினார். பிறகு, "சரி, வந்தாப் பாக்கலாம்" என்றார்.

அந்த வருடம் முழுக்க அவர் வாயில் இருந்த சொல் அதுதான். ஆசை இல்லாமல் இல்லை. தினமும் நான் வந்ததும் முதல் கேள்வி, "ஏதாச்சும் போட்டிருக்கானா?" என்பதாகவே இருக்கும். ஆனால் நான் ஒன்றைப் படித்துச் சொன்னால் அவர் அதில் ஓட்டை தேடுவார். இந்தப் போன் அதைத் தாங்குமா. மழை பிடித்தால் சிக்னல் போய்விடுமே. வெளிநாட்டுக்காரர்கள் நம்மிடம் ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது.

"நாலு பேரு சேந்து போறப்ப நமக்கு நெட்டு நின்னுபோச்சுன்னு வெய்யி. நம்மாளு நடுவழியில நின்னுக்குவான். மத்த மூணு பேரும் நிப்பாங்களா, உட்டுட்டுப் போயிருவாங்களா? அதப் போட்டிருக்கானா பாரு."

பார்த்தேன். போடவில்லை.

"அதத்தான் மொதல்ல சொல்லியிருக்கோணும்" என்றார்.

இன்னொருநாள், "தெரியாதவங்க வந்து பேசுனா நாமளும் பேசித்தான் ஆவோணுமா? பேசாம ஒதுங்கிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். இத்தனை பெரிய ஆளுக்கு என்ன கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் அந்த அறிவிப்பு வந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டுபோய் ஆங்கில டீச்சரிடம் காட்டினேன். "தாமதமாகிறதுன்னு அர்த்தம்மா" என்றார் டீச்சர். அடுத்த வரி தானாகவே புரிந்துவிட்டது. அடுத்த வருடத்தின் பிற்பாதி.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். சித்தப்பாவுக்கு அன்றுதான் முதல்முறையாகக் குளிர்க்காய்ச்சல் வந்திருந்தது. இரண்டு கம்பளிக்கு உள்ளே பல் கிட்டித்துக் கிடந்தார். அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் வாயைத் திறந்து, "ஏதாச்சும் போட்டிருக்கானா?" என்றார்.

"போட்டிருக்கானுங்க சித்தப்பா. கார்த்திகை முடிஞ்சதும் வருதாம்."

ஏன் கார்த்திகை என்று சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆவணியிலிருந்து பார்த்தால் அது தூரமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று சொன்னபின் அதைக் காப்பாற்ற இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று முதல் அந்த விளையாட்டுக் கம்பெனியை நானே நடத்த ஆரம்பித்தேன். தினமும் ஒரு புதிய வசதியை அறிவித்தேன். புதிய ராஜ்ஜியத்தில் எப்போதும் பனி மூடிய ஒரு மலை வருகிறது என்றேன். நடக்கப் பிடிக்காதவர்களுக்குக் குதிரை வண்டி உண்டு என்றேன். ஒருநாள் கடைவீதியில் பலாப்பழம் விற்கிறார்கள் என்றேன்.

"பலாப்பழமா? வெளிநாட்டுக்காரன் போட்டிருக்கானா?"

"எல்லா ஊருப் பழமும் போட்டிருக்கானுங்க."

"ம். சொளை உரிச்சு விக்கிறானா, முழுசா விக்கிறானா?"

"முழுசாத்தானுங்க."

"அப்ப நம்மாளுகிட்ட கத்தி இருக்குது. செரி, மேல சொல்லு."

பிறகு, அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததையும் கொடுத்தேன். நெட் நின்றுபோனால் மற்ற மூன்று பேரும் காத்திருப்பார்கள், எழுதியே போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிப்பாங்களாமா?"

"நிப்பாங்களாம்."

"எத்தன நேரம்?"

"நாம வர்ற வரைக்குங்க."

 என் தலையில் கை வைத்தார். அந்தக் கை சுட்டது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் நான் கொடுத்த வசதி அவருக்குப் பிடித்துப்போன சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பதினைந்து நாள் வெயிலே இல்லை. துணி காயவில்லை, கம்பளி காயவில்லை. எத்தனை திருப்பிப் போட்டும் சித்தப்பாவின் இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. அவருக்கு வலி தெரியாது. வாடைதான் முதலில் தெரிந்தது. அம்மா காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். போன் பேச வருகிறவர்கள் ஜன்னலை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று கத்திப் பேச ஆரம்பித்தார்கள்.

கார்த்திகை பிறந்து பத்து நாளானபோது சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்து பார்த்தார். வெளியே வந்து அப்பாவிடம், இனிமேல் மாத்திரையில் ஆறுகிற புண் இல்லை, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றே போய் வேன் ஒன்றைப் பேசிவிட்டு வந்தார்.

"நாளான்னிக்குக் காத்தால வண்டி வருது. எறங்கறோம்" என்றார்.

சித்தப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி வந்த அன்று காலை, அப்பா அதே பழைய பலகையைத் துடைத்துக் கொண்டுவந்து கட்டிலோடு சேர்த்துப் போட்டபோதுதான் பேசினார்.

"கார்த்திகை முடியட்டுங்ண்ணா."

"ஏண்டா? இன்னைக்கு என்ன?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். சீருடை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். "பாப்பாவக் கேளுங்க" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.  "கார்த்திகை முடிஞ்சதும் புது வெளையாட்டு வருதுங்கப்பா. நானும் சித்தப்பாவும் காத்திருக்கறமுங்க" என்றேன்.

அப்பாவின் முகத்தில் அப்போது வந்தது கோபம்கூட இல்லை. ஏதோ தெரியாத மொழியில் பேசியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெளையாட்டா? உடம்பு அழுவிக்கிட்டிருக்குதுடா" என்று தம்பியிடம் திரும்பினார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "இன்னும் பதினெட்டு நாளுதானுங்களே. மாத்தர குடுத்திருக்குது, நானும் பாத்துக்கறேன். தம்பி இத்தன நாளு ஒண்ணும் கேட்டதில்ல. முடிஞ்சதும் எறங்கிக்கலாமுங்க" என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவின் உடம்பு விஷயத்தில் அம்மா சொன்னால் அதற்கு மேல் அவர் பேசியதில்லை. அந்த உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவள் அவள். வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டி திரும்பிப் போயிற்று.

எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அப்படி ஒரு விளையாட்டு கார்த்திகை முடிந்ததும் வரப்போவதில்லை, நான் சொன்னதெல்லாம் பொய், வண்டியைக் கூப்பிடுங்கள் என்று கத்தினால் போதும். டிரைவர் வேனைத் திருப்புவதற்கு வாசலில் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்தார். அத்தனை நேரமும் நான் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு நாளில் கம்பெனிக்கு மனம் மாறினாலும் மாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி போனபின் பள்ளிக்கூடம் போனேன்.

கார்த்திகை முடிய எட்டு நாள் இருக்கும்போது, இரண்டாவது பாடவேளையில், பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் வந்து வகுப்பு வாசலில் நின்றார். டீச்சர் என்னைப் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பையை எடுத்துக்கொள்ளச் சொன்னதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கருமாதி எல்லாம் முடிந்த மறுநாள், அப்பா கட்டிலைப் பிரித்துப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். தலையணைக்கு அடியில் இருந்த போனைக் கையில் எடுத்து, அணைந்திருந்த அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த எழவு வெளையாட்டுத்தான் எந்தம்பியக் கொண்டுபோயிருச்சு. அன்னைக்கே எறக்கியிருந்தா இருந்திருப்பான்" என்றார். துணிப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

அம்மா அங்கேதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பிறகு நான் வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கவில்லை. டீச்சர் எழுப்பிவிட்டால் எழுந்து நிற்பேன், புத்தகத்தைப் பார்ப்பேன், வாய் திறக்காது. நன்றாகப் படித்த பிள்ளைக்குச் சாவு வீட்டுப் பயம் பிடித்துவிட்டது என்று சொல்லி, யாரோ கறுப்புக்கயிறு கட்டிவிட்டார்கள். பயம் இல்லை அது. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லால் வண்டி திரும்பிப் போனது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ராத்திரி சோறு போடும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டப் பழகிக்கொண்டேன். பதினோராம் வகுப்புக்கு நாமக்கல் விடுதிக்கு அனுப்பினார்கள். போய்விட்டால் நிம்மதி என்று இருந்தது.

இரண்டாம் பாகம் அறிவித்தபடி வரவில்லை. இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போய் வந்ததாம். நான் அதைத் தேடிப் பார்க்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம், என் அறையில் தங்கியிருக்கும் பெண் கட்டிலில் படுத்துக்கொண்டு எதையோ விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அதே கல்பாலம். இப்போது அதன் மேல் முப்பது நாற்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, என் போனில் அதை இறக்கினேன். இரண்டாம் பாகத்துக்குப் பதிவு செய்ய, நம்மாளை வைத்துச் சித்தப்பாவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது நான்தான். கடவுச்சொல் எனக்கு மறக்கவில்லை. உள்ளே போனால் நம்மாளு நின்றான், அதே கிழிந்த அங்கியோடு. யார் யாரோ அவனைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள். ஒரு கூட்டத்தில் சேர்ந்து கொஞ்ச தூரம் போனேன். அறையில் நெட் ஒரு நிமிடம் நின்று வந்தது. மற்ற மூன்று பேரும் போய்விட்டிருந்தார்கள்.

வெளியே வரும்போது ஒரு ஓரத்தில் கடித உறை போன்ற படம் கண்ணில் பட்டது. அமுக்கினேன். கம்பெனிக்கு அந்தக் கணக்கிலிருந்து போன கடிதம் ஒன்றும், அதற்கு வந்த பதில் ஒன்றும் இருந்தன. கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். நல்ல மழை அடித்துக்கொண்டிருந்த ஐப்பசி.

தமிழில் சொல்லி, போனே ஆங்கிலமாக மாற்றிக்கொடுத்த கடிதம் அது. வரிகள் முன்பின்னாகக் கிடந்தன. அண்ணன் மகள் என்பது மகனா மகளா என்று தெரியாதபடி இருந்தது. ஆனாலும் படித்தால் புரிந்தது. இரண்டாம் பாகம் அடுத்த வருடம்தான் என்று நீங்கள் போட்டதைப் படித்தேன். அப்போது என்னால் வரமுடியாது. என் அண்ணன் மகள் தனியாக வருவாள். பதினொரு வயது. நல்ல சாமர்த்தியம், ஆனால் யார் கேட்டாலும் பேசிவிடுவாள். தெரியாத ஆட்கள் அவளோடு பேசாமல் இருக்க ஏதாவது ஏற்பாடு வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் வைக்க வேண்டும்.

பதில் எல்லோருக்கும் அனுப்புகிற பதில். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.

கம்பெனியின் அறிவிப்பையும் போனே அவருக்குத் தமிழில் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கார்த்திகைக்குப் பிறகு எதுவும் வராது என்று தெரிந்துகொண்டேதான், குதிரை வண்டியையும் பலாப்பழத்தையும் பற்றித் தினமும் கேட்டிருக்கிறார். அப்படியானால் பலகையைக் கொண்டுவந்து போட்டபோது கார்த்திகை முடியட்டும் என்று ஏன் சொன்னார்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். அப்பா காட்டுக்குப் போயிருந்தார். அம்மா வாசலில் மிளகைப் பாயில் பரப்பிக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். முதலில் என் பொய்யைச் சொன்னேன். பத்து வருடமாக வராத சொற்கள், வந்தபோது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன.

"அது அவனுக்குத் தெரியுங் கண்ணு" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல். "பாப்பா நெதமும் ஒண்ணு சேத்திச் சொல்றா அண்ணி, கேக்கறதுக்கு நல்லா இருக்குதும்பான்."

"அப்புறம் ஏம்மா அன்னைக்கு வண்டியில போவல?"

அம்மா மிளகைத் துழாவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அதுக்கு மொத நாளு, திருப்பிப் போடப் போனப்ப ஏங்கையப் புடிச்சுக்கிட்டான்" என்றாள். "அந்த வளைவுல மறுக்கா என்னைய எறக்காதீங்க அண்ணி, இங்கியே இருந்துக்கறேன்னான். சொல்றப்பவே அழுதுட்டான். ரெண்டு வருசத்துல அவன் ஒண்ணுக்கும் அழுது நாம் பாத்ததில்ல. நாஞ் செரின்னுட்டேன்."

"அப்பாகிட்ட?"

"அண்ணங்கிட்டச் சொன்னா அவரு கேக்கமாட்டாரு, தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவாரு, நீங்கதான் எதாச்சும் சொல்லோணும்னான். என்ன சொல்றதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. நீ சொன்ன கார்த்திகதான் இருந்துச்சு." அம்மா பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "எறக்கியிருந்தா பொழச்சிருப்பானோ என்னமோ. நர்சம்மா கூட உறுதியாச் சொல்லல. ஆனா இருந்திருப்பானோன்னு தோணாத நாளு கெடையாது."

அப்போது அப்பா காட்டிலிருந்து வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்த்து, "என்ன ரெண்டு பேரும்?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. தம்பியப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

அப்பா திண்ணையில் உட்கார்ந்தார். அந்தப் பேச்சு வந்தால் எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னார். "அன்னைக்கே எறக்கியிருக்கோணும். ஒரு வெளையாட்டுக்காவ உட்டுட்டேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. மிளகின் மேல் உட்கார வந்த கோழியை நான் எழுந்துபோய் விரட்டினேன்.

அப்பா போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய அன்று, பதினொரு வயதில், நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் பொய்யை அம்மா கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்காக அவளிடம் எனக்கு அப்படி ஒரு நன்றி இருந்தது. அம்மா பின்னால் கை நீட்டி என் கையைத் தேடி, வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தாள். எனக்குத் தைரியம் சொல்கிறாள் என்றுதான் அப்போது தோன்றியது.